யாருடைய தம்பி?

தம்பி என்ற சொல்லுக்கு எந்த அகராதியைப் புரட்டினாலும் ‘இளைய சகோதரன்’ என்று பொருள் போட்டிருக்கும். அந்தப் பொருளில் பிழை இல்லை. ஆனால் பாதி விடுபட்டிருக்கிறது. யாருக்கு இளையவன் என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. ஒருவன் தனியாக நின்று தம்பியாக இருக்க முடியாது. அவனுக்கு முன்னால் ஒரு அண்ணனோ அக்காவோ பிறந்திருக்க வேண்டும். பழந்தமிழர் இந்தக் கேள்வியை வெளியே விடவில்லை. பதிலைச் சொல்லுக்குள்ளேயே வைத்தார்கள். தம்பி என்பதன் முதலில் நிற்கும் ‘தம்’ அலங்காரத்துக்காக வந்ததன்று. அது ‘அவருடைய’ என்று பொருள்படும் பழைய சுட்டு. வீட்டில் காதில் விழுந்த பேச்சு, பள்ளியில் மனப்பாடம் செய்த சங்கப் பாட்டு, கோயிலில் ஓதுவார் பாடிய பதிகம் என்று மூன்று இடங்களிலிருந்து என் நினைவில் சேர்ந்த உறவுச் சொற்கள் நெடுநாள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமலே கிடந்தன. அவற்றை அருகருகே வைத்துப் பார்க்கத் தொடங்கிய பிறகு ஒரு முடிவு உறுதிப்பட்டது. தமிழில் உறவுப்பெயர் தனியொரு ஆளுக்கு வைத்த பெயராகப் பிறக்கவில்லை. இருவருக்கு நடுவே உள்ள பிணைப்பின் பெயராகப் பிறந்தது. அந்த இருவரில் ஒருவர் சொல்லின் முதல் அசையிலேயே இடம் பெற்றிருந்தார். அவர் அங்கே இருப்பதை நாம் மறந்துவிட்டோம். ஆனால் அந்த இலக்கணம் நம் பேச்சை விட்டுப் போகவில்லை.

சான்றுகளைச் சங்க இலக்கியத்திலிருந்து தொடங்குவதே முறை. செம்புலப்பெயனீரார் பாடிய குறுந்தொகை 40-ஆம் பாட்டைத் தமிழ் படித்தவர் பெரும்பாலோர் அறிவார்கள். நம் இருவரின் பெற்றோரும் முன்பு ஒருவருக்கொருவர் எந்த உறவும் இல்லாதவர்கள் என்று காதலன் காதலியிடம் சொல்லும் பாட்டு அது. அதில் யாய், ஞாய், எந்தை, நுந்தை என்று நான்கு உறவுச் சொற்கள் வருகின்றன. யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய். எந்தை என் தந்தை, நுந்தை உன் தந்தை. பாடநூல்கள் இவற்றை அருஞ்சொற்பொருளில் நான்கு தனிச் சொற்களாகக் கொடுத்துவிட்டு மேலே போய்விடும். மாணவர்களும் பழைய காலத்துக் கடினச் சொற்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் இவை ஒரு வாய்பாட்டின் பகுதிகள். விடுபட்ட மூன்றாவது வரிசை நமக்கு நன்றாகத் தெரிந்ததே: தாய், தந்தை. யாய் தன்மைக்கு, ஞாய் முன்னிலைக்கு, தாய் படர்க்கைக்கு. எந்தை, நுந்தை, தந்தை என்பதும் அப்படியே. இளையவர்களுக்கும் இதே முறை உண்டு. எம்பி, நும்பி, தம்பி என்றும், எங்கை, நுங்கை, தங்கை என்றும் சொன்னார்கள். அண்ணனுக்கு எம்முன், தம்முன் என்ற வடிவங்கள் இருந்தன. மணிமேகலை கண்ணனோடு பலராமனைச் சேர்த்துச் சொல்லும்போது தம்முன் என்கிறது. அவனுக்கு முன் பிறந்தவன் என்பது பொருள். முன்னவன் தம்முன் என்றால், பின்னவன் தம்பின். அதுவே தேய்ந்து தம்பி ஆயிற்று என்பது பொருத்தமான விளக்கம். தங்கையில் உள்ள ‘கை’ சிறுமையைக் குறிப்பது. தமக்கு இளையவள் தங்கை.

சகோதரியைக் குறிக்கும் இன்னொரு வரிசையும் இருந்தது: எவ்வை, நுவ்வை, தவ்வை. நற்றிணை 172-ஆம் பாட்டில் ஒரு புன்னை மரத்தைத் தாய் தன் மகளிடம் நுவ்வை என்று அறிமுகம் செய்கிறாள். அந்த மரத்தை அவள் தன் மகள் என்று சொல்லவில்லை. மகளின் பக்கத்திலிருந்து உறவைக் கணக்கிட்டு, ‘உன் சகோதரி’ என்று சொல்கிறாள். அந்த ஒரு சொல்லாலேயே மரத்தின் நிழலில் காதலனோடு பேசப் பெண்ணுக்குக் கூச்சம் வந்துவிடுகிறது. உறவு யாரிடமிருந்து அளக்கப்படுகிறது என்பதில்தான் அந்தப் பாட்டின் நுட்பமே அடங்கியிருக்கிறது. ‘சகோதரி’ என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் அந்தக் கூச்சத்துக்கு இடமில்லை. தவ்வையின் கதை இன்னும் தெளிவானது. திருக்குறளின் 167-ஆம் குறளில் திருமகளின் மூத்தவளைத் தவ்வை என்கிறார் வள்ளுவர். திருமகளுக்கு அக்காள் என்பதே அதன் பொருள். பிற்காலத்தில் அது மூதேவியின் பெயராகவே நிலைத்துவிட்டது. பழைய கோயில்களில் அவள் சிற்பத்தைக் காட்டித் தவ்வை என்று சொல்கிறவர்கள் அதை ஒரு தெய்வத்தின் இயற்பெயராகவே கருதுகிறார்கள். ‘யாருக்கு அக்காள்’ என்ற பகுதி சொல்லுக்குள் இருந்தும் காதில் விழாமல் போய்விட்டது. தம்பிக்கும் தங்கைக்கும் நேர்ந்தது இதுவே.

இலக்கண நூலும் இதற்குச் சாட்சி சொல்கிறது. தமிழில் குற்றியலுகரம் சொல்லின் கடைசியில் வருவது என்று எல்லோரும் படித்திருக்கிறோம். தொல்காப்பியம் மொழிமரபில் அதற்கு ஒரு விலக்கு காட்டுகிறது. சொல்லின் முதலிலும் அது வரும், ஆனால் ஒரு முறைப்பெயரில் மட்டுமே என்கிறது. உரையாசிரியர்கள் காட்டும் அந்தச் சொல் நுந்தை. ஒரு மொழியின் ஒலியமைப்பு முழுவதிலும் ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் விலக்கு எழுத வேண்டியிருந்தது என்றால், அந்தச் சொல் அன்றாடம் எல்லோர் வாயிலும் புழங்கியிருக்க வேண்டும். அரிதாக வரும் சொற்களை இலக்கணம் விரைவில் பொது விதிக்குள் இழுத்துவிடும். நாள்தோறும் பேசும் சொற்களே விதியை மீறிக்கொண்டு நிலைக்கும். ‘உன் அப்பா’ என்று சொல்லாமல் எந்தத் தெருவிலும் பேச்சு நடக்காது. நுந்தை அப்படிப்பட்ட சொல்லாக இருந்ததற்குத் தொல்காப்பியத்தின் அந்த விலக்கே அடையாளம்.

படர்க்கை வடிவத்துக்குச் சான்று பாறையிலேயே இருக்கிறது. மதுரைக்கு அருகே உள்ள மாங்குளத்தின் குகைக் கல்வெட்டுகள் தமிழில் கிடைத்த மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் அடங்கும். கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அவற்றைக் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் வைத்தார். அவற்றில் ஒன்று, கணி நந்தன் என்ற துறவிக்காகக் குகையைச் செய்வித்தவனைப் பற்றிச் சொல்கிறது. அவன் பெயர் சடிகன். அவனை எப்படி அடையாளம் காட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். நெடுஞ்செழியனுக்கு மனைவி வழி உறவினன் என்பது ஒன்று. இளஞ்சடிகனின் தந்தை என்பது மற்றொன்று. கல்லில் வெட்டிய சில சொற்களில் இரண்டு உறவுகளுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே தந்தை என்ற சொல் வெறுமனே நிற்கவில்லை. இன்னானுக்குத் தந்தை என்று நிற்கிறது. தொல்காப்பியத்தின் புள்ளிமயங்கியலும் இதே பழக்கத்துக்குப் புணர்ச்சி விதி எழுதுகிறது. சாத்தன் என்ற பெயரோடு தந்தை சேர்ந்தால் சாத்தந்தை, கொற்றனோடு சேர்ந்தால் கொற்றந்தை, ஆதனோடு சேர்ந்தால் ஆந்தை, பூதனோடு சேர்ந்தால் பூந்தை. கோப்பெருஞ்சோழனின் நண்பர் பிசிராந்தையாரின் பெயரும் பிசிர் என்ற ஊரைச் சேர்ந்த ஆதன் தந்தை என்று விளக்கப்படுவது இந்த விதியால்தான். மகனை வைத்துத் தந்தையை அழைக்கும் வழக்கம் அத்தனை பரவலாக இருந்தது. அதற்கென்று தனி விதியே தேவைப்பட்டது. அந்த வழக்கம் மறைந்துவிட்டதா? கணவன் பெயரைச் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்ட தலைமுறைப் பெண்கள் அவரைப் பிள்ளையின் பெயரோடு சேர்த்து ‘முருகன் அப்பா’, ‘செல்வி அப்பா’ என்று சொல்லிவந்ததை என் வயதொத்தவர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கல்வெட்டில் சடிகனை இளஞ்சடிகனின் தந்தை என்று வெட்டியவர்கள் பேசிய முறை அதுவே.

இங்கே ஒரு மறுப்பு எழும். அதைத் தமிழாசிரியர்களே எழுப்புவார்கள். எந்தை என்பது எம் தந்தை என்பதன் மரூஉ, நுந்தை என்பது நும் தந்தை என்பதன் மரூஉ. தந்தைதான் மூலச் சொல், மற்றவை அதிலிருந்து சுருங்கியவை. ஆகவே மூன்று வரிசை கொண்ட வாய்பாடு என்று ஒன்று இருந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை என்பார்கள். மரபான உரைகளில் இந்த விளக்கத்துக்கு இடம் உண்டு; அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் இதை ஏற்றால் சில கேள்விகளுக்கு விடை கிடைக்காது. தந்தை மூலச் சொல் என்றால் தம்பியிலும் தங்கையிலும் தவ்வையிலும் தம்முன்னிலும் அதே ‘தம்’ ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? வேறு வேறு பொருள் கொண்ட இத்தனை உறவுச் சொற்களும் தற்செயலாக ஒரே எழுத்தில் தொடங்கினவா? யாய், ஞாய், தாய் மூன்றையும் பார்த்தால் முதல் மெய் மட்டுமே மாறுகிறது, மீதி ஒன்றாகவே இருக்கிறது. அங்கே சுருக்கம் எதுவும் நடக்கவில்லை. தாயைக் குறிக்கும் ‘ஆய்’ மூன்றிலும் பொதுவாக நிற்கிறது. ஆயி என்று இன்றும் சில ஊர்களில் வழங்குவது அதன் உறவே. ஆக, மரூஉ என்ற விளக்கம் தந்தை ஒன்றுக்குப் பொருந்துவதுபோல் தோன்றினாலும் மொத்த வரிசைக்கும் பொருந்தவில்லை.

இந்த வழக்கைத் தீர்க்கும் சாட்சி தமிழ்நாட்டுக்கு வெகு தொலைவில் இருக்கிறது. சோட்டா நாகபுரி மேட்டுநிலத்தில், ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் ஒராவோன் மக்கள் பேசும் குடுக் மொழி திராவிடக் குடும்பத்தின் வடகிளையைச் சேர்ந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 20 லட்சம் பேர் அதைத் தாய்மொழியாகச் சொன்னார்கள். அந்த மொழியில் என் தந்தை எம்பஸ், உன் தந்தை நிம்பஸ், அவன் தந்தை தம்பஸ். என் தாய் இங்யோ, உன் தாய் நிங்யோ, அவன் தாய் தங்யோ. தமிழும் குடுக்கும் ஒன்றுக்கொன்று கடன் கொடுக்கும் தூரத்தில் வரலாற்றுக் காலத்தில் எப்போதும் இருந்ததில்லை. சங்கப் புலவர்களின் மரூஉ அங்கே போயிருக்க வழியில்லை. அங்கும் உறவுச் சொல்லின் முதலில் எம், நிம், தம் என்று மூன்று இடமும் வருகிறது என்றால், இது இரு மொழிக்கும் பொதுவான முன்னோரிடமிருந்து வந்த சொத்து என்று கொள்வதே நேர்மையான முடிவு. மொழியியலாளர் எமனோ 1953-இல் திராவிட உறவுச் சொற்கள் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்தப் பொது அமைப்பைத்தான் ஆராய்ந்தது. நெருங்கிய சகோதர மொழிகளைப் பார்த்தாலும் அதே தகரம் நிற்கிறது. கன்னடத்தில் தந்தெ, தாயி, தம்ம, தங்கி. தெலுங்கில் தண்ட்ரி, தல்லி, தம்முடு. தெலுங்கரும் கன்னடரும் தம்பியை அழைக்கும்போது நம்மைப் போலவே ‘அவருடைய’ என்ற பழைய சுட்டை அறியாமல் உச்சரிக்கிறார்கள்.

இரண்டாவது மறுப்பு வேறு திசையிலிருந்து வரும். உறவுச் சொற்களின் பிறப்பிடம் குழந்தையின் வாய்தானே? உதட்டை மூடித் திறந்தால் ம, ப என்ற ஒலிகள் தாமே வருகின்றன. உலகின் தொடர்பற்ற பல மொழிகளில் அம்மாவும் அப்பாவும் ஒலியால் நெருங்கியிருப்பதற்கு அதுவே காரணம் என்று மொழியியலாளர் ரோமான் யாக்கப்சன் 1960-இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். அந்த விளக்கம் வலுவானது. அம்மா, அப்பா என்ற சொற்களுக்கு அதை நான் ஏற்கிறேன். ஆனால் அது அழைக்கும் சொற்களின் கதை. தம்பியும் தங்கையும் தாயும் தந்தையும் குறிப்பிடும் சொற்களின் கூட்டத்தைச் சேர்ந்தவை. ‘தம்’ என்ற சுட்டை எந்தக் குழந்தையும் மழலையில் கண்டுபிடிக்காது. ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் பேசும் வளர்ந்தவர்களின் உரையாடலில்தான் அது பிறக்க முடியும். தமிழ் இந்த இரண்டு கூட்டத்தையும் நெடுங்காலமாகப் பிரித்தே வைத்திருக்கிறது. வீட்டில் யாரும் பெற்றவளைத் ‘தாயே’ என்று கூப்பிடுவதில்லை. அம்மனிடம் முறையிடும்போதுதான் அந்த விளி வரும். ‘தந்தையே’ என்ற அழைப்பு ஜெபத்துக்கு உரியது. பெரியாருக்குத் தந்தை என்ற அடைமொழி நிலைத்தது. அவரை நேரில் யாரும் தந்தை என்று அழைத்துப் பேசவில்லை, ஐயா என்றே அழைத்தார்கள்.

இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டால் தம்பியின் வரலாற்றில் உள்ள ஒரு முடிச்சு அவிழ்கிறது. தந்தை, தாய், தமையன், தமக்கை எல்லாம் ஏட்டுப் பக்கம் ஒதுங்கிவிட, தம்பி மட்டும் ஏன் வீட்டிலும் தெருவிலும் அழைக்கும் சொல்லாக நிலைத்தது? மூத்தவர் இளையவர் வேறுபாடுதான் காரணம். தமிழ்க் குடும்பத்தில் மூத்தவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை, உறவு சொல்லியே அழைக்க வேண்டும். அதனால் மூத்தவர் எல்லோருக்கும் சுட்டு சேராத வெறும் வடிவம் ஒன்று தேவைப்பட்டது. அப்பன், அம்மை, ஐயன், அக்கை என்ற சொற்கள் அப்படி நின்றன. ஐகாரத்தில் முடியும் முறைப்பெயர் விளிக்கும்போது ஆகாரம் பெறும் என்று தொல்காப்பியம் விளிமரபில் சொல்வது இத்தகைய சொற்களுக்கே; அம்மை அம்மா ஆவதும் அக்கை அக்கா ஆவதும் அந்த வழியில்தான். இவற்றோடு தம் சேர்ந்தபோது தமப்பன், தமையன், தமக்கை கிடைத்தன. தமப்பனே பின்னர் தகப்பன் ஆயிற்று. இளையவர் நிலை வேறு. அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கலாம். ஆகவே தம்பிக்கும் தங்கைக்கும் சுட்டு இல்லாத வெறும் வடிவம் உருவாகவே இல்லை. ‘பி’ என்றோ ‘கை’ என்றோ யாரையும் கூப்பிட முடியாது. பிற்காலத்தில் இளையவரையும் உறவு சொல்லி அன்போடு அழைக்க வேண்டும் என்று தோன்றியபோது கையில் இருந்தது குறிப்பிடும் சொல் மட்டுமே. அதை எடுத்து அழைக்கும் சொல்லாக ஆக்கிக்கொண்டார்கள். இன்று ‘தம்பி, இங்கே வா’ என்று சொல்லும் ஒவ்வொருவரும் இலக்கணப்படி ‘அவருடைய இளையவனே’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அழைக்கும் வழக்கிலிருந்து விலகிய சொல்லுக்கு என்ன ஆகும் என்பதை மலையாளம் காட்டுகிறது. அங்கே தந்தையும் தள்ளையும் இன்று மரியாதைக் குறைவான சொற்கள். பெற்றோரைப் பற்றி அப்படிச் சொன்னால் சண்டையில் முடியும். அச்சனும் அம்மையும் அன்பையெல்லாம் எடுத்துக்கொண்டதால் குறிப்பிடும் சொற்கள் வெறும் சுட்டாக எஞ்சிக் கடுமையேறிவிட்டன. அதே மலையாள நாட்டில் தம்பிக்கோ உயர்வு கிடைத்தது. மருமக்கள் வழியில் அரசுரிமை சென்ற திருவிதாங்கூரில் மன்னரின் ஆண்மக்கள் தம்பி என்றும் பெண்மக்கள் தங்கச்சி என்றும் பட்டம் பெற்றார்கள். அரியணைக்கு உரிமை இல்லாத மகனுக்கு அரச குடும்பத்தோடு உள்ள தொடர்பைச் சொல்ல ஓர் உறவுச் சொல்லே பட்டமாக வந்தது. ஒரே வேரிலிருந்து பிறந்த சொற்களில் ஒன்று தாழ்ந்ததும் ஒன்று உயர்ந்ததும், அவற்றின் பொருள் யாரை யாரோடு சேர்க்கிறது என்பதைப் பொறுத்தே மாறின.

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. கம்பன் காலம் வரை எம்பியும் உம்பியும் வழங்கியிருக்கலாம், தேவாரத்தில் சிவனை எந்தை என்று பாடியிருக்கலாம். ஆனால் அந்த வாய்பாடு செத்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டனவே, அதைப் பற்றி இவ்வளவு பேசுவானேன் என்று கேட்கலாம். சொற்கள் செத்தது உண்மை. அவற்றின் அமைப்பு சாகவில்லை என்பதே என் பதில். நம் பேச்சைக் கூர்ந்து கேட்டால் போதும். எங்கப்பா, உங்கப்பா, அவங்கப்பா; எங்கம்மா, உங்கம்மா, அவங்கம்மா. எந்தை, நுந்தை, தந்தை என்ற அதே மூன்று வரிசை, அதே வரிசையில், ஒவ்வொன்றும் ஒட்டிய ஒரே சொல்லாக வருகிறது. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கூடப் பிறந்தவர் எவரும் இல்லாத ஒற்றைப் பிள்ளையும் எங்கம்மா என்றுதான் சொல்லும்; என் அம்மா என்பது எழுத்துக்கோ மேடைக்கோ உரிய நடை. பழைய எம், நும், தம் மூன்றும் பன்மை. புதிய எங்க, உங்க, அவங்க மூன்றும் பன்மை. இரண்டாயிரம் ஆண்டில் சொற்கள் மாறியும், உறவை ஒருமையில் உரிமை கொண்டாடக் கூடாது என்ற பழக்கம் மாறவில்லை. என் பேனா, என் சட்டை என்று தயக்கமில்லாமல் சொல்கிறவர்கள் அம்மாவுக்கு வரும்போது பன்மைக்கு மாறிவிடுகிறார்கள். அம்மா ஒருவருக்கு மட்டும் சொந்தமானவள் இல்லை. ஒரு வீட்டுக்குச் சொந்தமானவள். அந்த எண்ணம் இலக்கணமாகவே நம் நாக்கில் தங்கியிருக்கிறது.

ஈழத்துப் பேச்சு இதற்கு இன்னும் நுட்பமான சான்று தருகிறது. தமிழ்நாட்டில் ஏட்டுச் சொற்களாகிவிட்ட தமையனும் தமக்கையும் யாழ்ப்பாணப் பேச்சில் உயிரோடு இருக்கின்றன. தன் அண்ணனை அண்ணா, அண்ணை என்று அழைப்பவர், இன்னொருவனைப் பற்றிப் பேசும்போது ‘அவன்ர தமையன்’, ‘அவன்ர தாய்’, ‘அவன்ர தேப்பன்’ என்பார். பிறருடைய உறவைச் சொல்லப் பெரும்பாலும் தம் சேர்ந்த படர்க்கைச் சொல், தன் உறவுக்கு அழைக்கும் சொல் என்ற பிரிவு அங்கே இயல்பாக நடக்கிறது. யாரும் இலக்கணம் படித்து அப்படிப் பேசவில்லை. தம் என்பது மற்றவரைச் சுட்டுவது என்ற பழைய உணர்வு, சொல்லின் பொருள் மறந்த பிறகும், எந்த இடத்தில் எந்தச் சொல் பொருந்தும் என்பதில் நீடிக்கிறது.

கடைசி மறுப்பு எனக்கு மிக முக்கியமானதாகப் படுகிறது. ஒரு சொல்லின் அமைப்பை வைத்து ஒரு சமூகத்தின் மனத்தை அளக்கலாமா? உறவுச் சொல்லோடு உடைமைச் சுட்டை ஒட்டும் மொழிகள் அமெரிக்கப் பழங்குடிகளிடமும் பசிபிக் தீவுகளிலும் நிறைய உண்டு. உடல் உறுப்புகளுக்கும் உறவுகளுக்கும் இவ்வாறு பிரிக்க முடியாத உடைமை சொல்வது உலகில் பரவலான இலக்கணம். இதைத் தமிழரின் தனிப்பெருமையாகக் காட்டுவது சரியா? சரியில்லை. நான் அப்படிக் காட்டவும் விரும்பவில்லை. எந்தை, நுந்தை என்று பேசிய குடும்பங்களில் அன்பு கூடுதலாக இருந்தது என்றோ, சண்டை இருந்ததில்லை என்றோ இந்தச் சொற்களிலிருந்து முடிவு கட்ட முடியாது. சங்கப் பாடல்களிலேயே மகன்கள் தந்தையோடு போருக்கு எழுந்த கதை இருக்கிறது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததன் பின்னணியே அதுதான். என் கூற்று அதைவிடச் சிறியது. சிறியது என்பதாலேயே உறுதியானது. ஓர் உறவுச் சொல்லின் பொருளை முழுமையாகச் சொல்ல வேண்டுமானால் இரண்டு பேரைச் சொல்லியாக வேண்டும் என்பதைத் தமிழ் தன் இலக்கணத்திலேயே ஒத்துக்கொண்டிருந்தது. அதை மறந்து ஒரு பக்கத்தை மட்டும் பொருளாக எழுதும்போது சொல்லின் பாதியை விட்டுவிடுகிறோம்.

இந்தப் பாதி விடுபட்டதால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்டால், கெட்டதைக் கல்வியில் முதலில் பார்க்கலாம். எந்தையும் நுந்தையும் செய்யுளுக்கு மட்டும் உரிய அருஞ்சொற்கள் என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். தாங்கள் வீட்டில் பேசும் எங்கப்பா, உங்கப்பா கொச்சை என்று அதே பள்ளியில் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே இலக்கணத்தின் பழைய வடிவமும் புதிய வடிவமும் என்று சொல்லிக் கொடுத்தால் சங்கப் பாட்டு அவர்களுக்கு அயல்மொழியாகத் தோன்றாது. தங்கள் பேச்சைப் பற்றிய தாழ்வுணர்ச்சியும் வராது. யாய், ஞாய், தாய் என்று மூன்றை ஒரு வரியிலும் எங்கம்மா, உங்கம்மா, அவங்கம்மா என்று மூன்றை அடுத்த வரியிலும் கரும்பலகையில் எழுதினால் போதும். பக்கத்தில் குடுக் மொழியின் இங்யோ, நிங்யோ, தங்யோ மூன்றையும் எழுதினால், ஜார்க்கண்டின் பழங்குடி மக்கள் தமிழுக்கு எவ்வளவு நெருக்கமானவர்கள் என்பதையும் ஒரு வகுப்பிலேயே சொல்லிவிடலாம். அகராதிக்காரர்களும் தம்பி, தங்கை, தமையன், தமக்கை, தவ்வை, தந்தை, தாய் எல்லாவற்றையும் அகர வரிசையில் சிதறவிட்டு நிறுத்திக்கொள்ளாமல், அவை ஒரே குடும்பம் என்று ஒவ்வொன்றின் அடியிலும் குறித்தால் நல்லது.

தம்பி என்ற சொல்லின் பிற்கால வாழ்வு இந்த வாதத்துக்கு எதிரானது என்று முதல் பார்வையில் தோன்றலாம். பேருந்தில் வழி கேட்கும் முதியவர் முன்பின் தெரியாத இளைஞனைத் தம்பி என்கிறார். அண்ணா ‘திராவிட நாடு’ இதழில் எழுதிய கடிதங்களில் ஆயிரக்கணக்கான வாசகர்களைத் தம்பி என்று விளித்தார். அவர்களும் அவரை அண்ணா என்றே ஏற்றார்கள். இரத்த உறவு எதுவும் இல்லாத இடங்களில் சொல் இப்படிப் பரவியதால் அதன் உறவுப் பொருள் கரைந்துவிட்டதா? கரையவில்லை என்றே நினைக்கிறேன். தெரியாதவனைத் தம்பி என்று அழைக்கும்போது அழைப்பவர் தன்னை அவனுக்கு மூத்தவராக ஆக்கிக்கொள்கிறார். மூத்தவருக்குரிய பொறுப்பையும் அந்த நேரத்துக்கு ஏற்கிறார். அதனால்தான் ஒருவனைத் தம்பி என்று அழைத்துவிட்டு உடனே ஏமாற்றுவது மற்ற ஏமாற்றுகளைவிடக் கீழ்த்தரமாகப் படுகிறது. மக்கள் அண்ணாவின் கடிதங்களைத் தங்களுக்கே எழுதியவையாகப் படித்ததும், அந்த ஒரு விளி இரு பக்கத்தையும் கட்டியதால்தான். சொல்லுக்குள் இருக்கும் ‘தம்’ யாரைச் சுட்டுகிறது என்பது ஒவ்வொரு முறையும் புதிதாக முடிவாகிறது. அந்த இடத்தை நிரப்ப ஒருவர் முன்வராமல் தம்பி என்ற சொல்லைப் பயன்படுத்தவே முடியாது. உறவுச் சொற்களின் தோற்றத்தைத் தெரிந்துகொள்வதன் பயன் இதுவே. ஒருவரை உறவு சொல்லி அழைப்பது அவரைப் பற்றிய வருணனை ஆகாது. அழைப்பவரும் அந்தச் சொல்லுக்குள் நுழைகிறார். யாருடைய தம்பி என்ற கேள்விக்கு, அழைத்தவரே பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.